கையில் 10,000 ரூபாய், வீட்டில் ஒரு கியர் சைக்கிள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

வண்டி: 27.5 இஞ்ச் சக்கரம், இரும்புச் சட்டம், 21 கியர், முன்னும் பின்னும் கம்பி இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், முன்னால் ஸ்பிரிங் ஷாக். எடை ஏறக்குறைய 16 கிலோ. 14,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கியது. மலையேறும் சைக்கிள் என்ற பெயரில் கடைகளில் வரிசையாக நிற்பவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

ஓட்டுபவன்: என் அக்கா மகன். வயது 22, எடை 58 கிலோ. வீடு திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை, வேலை மேலப்பாளையத்தில். காலையில் மேலச்செவல், முன்னீர்பள்ளம் வழியாகப் போய்விட்டு மாலையில் அதே வழியில் திரும்புகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னடியன் கால்வாய்க் கரை. எப்போதாவது கூட்டாளிகளோடு உவரி, திசையன்விளைப் பக்கம் செம்மணல் மேடுகளான தேரிக்காடு.

கேள்வி: சேர்த்து வைத்த 10,000 ரூபாயை இந்த வண்டியில் எப்படிச் செலவழிப்பது? அவனிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. காற்று ஷாக், ஹைட்ராலிக் பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்து பின்னால் 9 அல்லது 10 கியர். "மாமா, இதுல எத மொதல்ல மாத்தணும்?" என்று கேட்டான்.

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டும்போது என்னென்ன தொந்தரவு என்று எழுதச் சொன்னேன். பாகத்தின் பெயர் ஒன்றுகூட வரக்கூடாது என்பது நிபந்தனை. எழுதிக் கொடுத்தான்: வண்டி கனமாக ஓடுகிறது, மாலையில் வீடு திரும்புவதற்குள் கால் ஓய்ந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கவில்லை, கத்துகிறது. கியர் தானாகத் தாவுகிறது. மணிக்கட்டு வலிக்கிறது. பஞ்சர் ஓயவே இல்லை. மலிவான கியர் சைக்கிள் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். இந்த ஐந்துக்கும் காரணம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை என்று பேசிக்கொண்டோம்.

பாதை என்ன கேட்கிறது

சைக்கிள் அப்கிரேட் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் மலைப்பாதை உள்ள ஊர்க்காரர்கள் சொல்வது. வேர்களும் பாறைகளும் செங்குத்து இறக்கமும் உள்ள இடத்தில் ஷாக்கும் பிரேக்கும் முதலில் வருவது நியாயம். நம் பாதை வேறு. மலை நமக்குக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் காரையாறு, மாஞ்சோலைப் பக்கமெல்லாம் புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச்சாவடி. நினைத்த நேரத்தில் சைக்கிளோடு போகிற இடம் இல்லை. நமக்கு வாய்த்தது தார் ரோடும், கால்வாய்க் கரையும், குளத்துக் கரையும்தான். எல்லாம் ஏறக்குறைய சமதளம்.

இந்தச் சமதளத்தில் சைக்கிளைப் படுத்துபவை மூன்று. முதலாவது முள். உடைமரமும் சீமைக்கருவேலமும் இல்லாத கரை இந்தப் பக்கம் கிடையாது. கரி மூட்டம் போடுவதற்குச் சீமைக்கருவேலத்தை வெட்டி இழுத்துப் போன தடத்தில் அடுத்த சில வாரங்களுக்குச் சக்கரம் வைக்கவே யோசிக்க வேண்டும். கோடையில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது காற்று. ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வரும் மேல்காற்று சும்மா வருவதில்லை. பணகுடியிலும் கயத்தாற்றிலும் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். மேலப்பாளையத்திலிருந்து பத்தமடை மேற்கே இருக்கிறது. ஆக, வேலை முடிந்து களைத்துத் திரும்பும் நேரம் முழுக்க எதிர்காற்று. அவன் கால் ஓய்ந்து போவதில் இதற்கு ஒரு பங்கு உண்டு, அதை எந்தப் பாகத்தை மாற்றியும் தீர்க்க முடியாது. குறைக்கலாம், அது பின்னால் வருகிறது.

மூன்றாவது மண். தேரியின் செம்மண் மாவு மாதிரி நைசானது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளும் செயினுக்குள்ளும் புகுந்துவிட்டால் கிரீஸோடு குழைந்து உள்ளே இருந்தே தேய்க்கும்.

தேரியில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆழமான மணலில் 2.1 இஞ்ச் டயர் புதையத்தான் செய்யும். அதற்கென்று உள்ள தடித்த டயர் இந்தச் சட்டத்துக்குள் நுழையாது. வருஷத்தில் சில நாள் போகிற தேரிக்காக இந்த வண்டியில் எதையும் மாற்றக்கூடாது. மணல் வந்தால் இறங்கித் தள்ளலாம்.

கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சி பழைய ஆள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகள் கணக்கில்லாமல் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. அச்சில் பேரிங் உருண்டைகளை நிறுத்தும் கோன் இறுக்குவது, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, ஃப்ரீவீல் என்னும் பின் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றுவது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஹைட்ராலிக் பிரேக்குக்கு எண்ணெய் மாற்றும் வேலை அவர் கடையில் இல்லை. எந்த அப்கிரேடையும் முடிவு செய்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து: பழுதானால் அதைச் சரிசெய்யும் ஆள் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறாரா? தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் சில சுற்றிலேயே நின்றது. அச்சைக் கையால் திருகிப் பார்த்தால் மணலுக்குள் விரலை விட்டுத் திருப்புகிற மாதிரி கரகரப்பு. கோன்கள் ஆலையிலேயே மிகையாக இறுக்கி வந்திருந்தன. இந்த விலையில் வரும் வண்டிகளில் இது சாதாரணம்; கிரீஸும் பேருக்குத்தான் வைத்திருப்பார்கள். பின் ஹப்பைத் திறந்ததும் அண்ணாச்சி ஒரு ஸ்குரூடிரைவர் நுனியில் எடுத்துக் காட்டினார். "நீயே பாரு தம்பி, இது கிரீஸா மண்ணா?" செங்கல் நிறத்தில் இருந்தது. பால்ஸ் (பேரிங் உருண்டைகள்) சிலவற்றில் பளபளப்பு போய் மங்கியிருந்தது. கோனில் பால்ஸ் ஓடும் தடம் மட்டும் நல்ல நிலையில் இருந்ததால் கோனை மாற்றவில்லை. பால்ஸ் முழுவதையும் மாற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸ் நிறைய வைத்து, அச்சில் ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் கோனை நிறுத்தினார். பழைய பால்ஸோடு புதியவற்றைக் கலக்கக் கூடாது; அளவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பாரம் சிலவற்றின் மேல் மட்டும் விழும்.

வண்டி கனமாக ஓடியதற்கு இன்னொரு காரணம் பிரேக்கிலேயே இருந்தது. இந்த விலையில் வரும் கம்பி டிஸ்க் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது சக்கரத்தோடு சுற்றும் தட்டை லேசாக வளைத்து, அசையாத மறு பேட்டோடு அழுத்தும். அசையாத பேட் தட்டை உரசாமல், ஆனால் ஒரு தாள் நுழையும் அளவுக்கு நெருக்கமாக நிற்க வேண்டும். இங்கே பின் பிரேக்கில் அது உரசிக்கொண்டே இருந்தது. முன் பிரேக்கில் வெகு தூரத்தில் நின்றது. உரசும் பிரேக் வண்டியை இழுத்துப் பிடித்தது. தூரத்தில் நின்ற பிரேக்குக்கு லீவரை ஹேண்டில்பார் வரை அமுக்க வேண்டியிருந்தது.

பேட்கள் கறுத்து மினுங்கின. செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்தபோது தட்டின் மேலும் பட்டிருக்கிறது. பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் கத்தும், பிடிக்காது. தட்டைத் துடைத்துப் பார்த்தால் துணியில் கறுப்புப் பிசுக்கு. "பிரேக் பிடிக்கல" என்று அவன் ஹைட்ராலிக் கேட்டதற்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான்.

கியர் தாவியதற்குக் காரணம், பின்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லர் மாட்டியிருக்கும் இரும்பு நாக்கு. பின்னால் குனிந்து பார்த்தால் டீரெய்லர் பல்சக்கரங்களுக்கு இணையாக நேரே தொங்க வேண்டும். இது உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டி ஒருமுறை வலப்பக்கம் விழுந்தால் போதும், இப்படி ஆகிவிடும். அண்ணாச்சி இதை நிமிர்த்திய விதம் எனக்குப் பிடித்தது. இதற்கென்று ஒரு கருவி விற்கிறார்கள். அவர் வேறொரு கியர் சைக்கிளின் பின் சக்கரத்தை எடுத்து, அதன் அச்சு நுனியை டீரெய்லர் கழற்றிய ஓட்டைக்குள் திருகினார். இரண்டுக்கும் 10 மில்லிமீட்டர் மரை, அதனால் ஏறிவிடுகிறது. இப்போது ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் நிற்கிறது. இரண்டு ரிம்முக்கும் இடையே உள்ள தூரத்தை மேலே, கீழே, முன்னே, பின்னே பார்த்து, சக்கரத்தையே கைப்பிடியாக வைத்து மெல்ல வளைத்து இணையாக்கினார். சட்டம் இரும்பு என்பதால் நாக்கு வளைந்து கொடுத்தது. அலுமினியமாக இருந்தால் அது முறியக்கூடும். தனியே கழற்றக்கூடிய நாக்கு என்றால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே நல்லது.

செயினை மாற்ற வேண்டுமா என்பதை ஒரு அடி ஸ்கேல் சொல்லிவிடும். 12 இஞ்சுக்கு ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். பதினாறில் ஒரு இஞ்ச் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு இஞ்ச் என்றால் ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அவனுடையது பதினாறில் ஒன்றைத் தொடவில்லை. விட்டுவிட்டோம்.

மணிக்கட்டு வலிக்கு அவன் ஷாக்கைக் குற்றம் சொன்னான். "ஷாக்க மாத்திட்டா வலிக்காதுல்லா மாமா?" பார்த்தால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது. உட்கார்ந்ததும் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் உள்ளங்கையில் விழுகிறது. ஷாக்கின் மேலிருக்கும் திருகும் முழுக்க உள்ளே சுற்றியிருந்தது. அந்தத் திருகு ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. அது எவ்வளவு அழுத்திய நிலையில் தொடங்குகிறது என்பதை மட்டும் மாற்றும். 58 கிலோ உடம்புக்கு இந்த ஸ்பிரிங் இயல்பிலேயே கொஞ்சம் கடினம். முழுக்கத் திருகினால் அசையவே அசையாது. முழுவதும் வெளியே திருகிவிட்டு, சீட்டைத் தரைக்கு இணையாக்கினோம்.

சீட்டின் உயரமும் குறைவு. நம் ஊரில் பையன்கள் நின்றால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும், தொடை சீக்கிரம் சோர்ந்துவிடும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதிக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும், அதுதான் உயரம். சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாத வரை ஏற்றலாம். அப்புறம், ஹேண்டில்பார் தண்டுக்குக் கீழே இருந்த வளையங்களில் இரண்டை எடுத்து மேலே போட்டோம். ஹேண்டில் அந்த அளவு இறங்கியது, முதுகு கொஞ்சம் குனிந்தது. எதிர்காற்றுக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான், செலவு இல்லை.

அவன் பட்டியலுக்கு நேர்ந்தது

இத்தனையும் முடிந்த பிறகுதான் பழைய பட்டியலை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதை வாங்கினால் இதோடு வேறு எதையெல்லாம் வாங்க வேண்டி வரும்?

ஹைட்ராலிக் பிரேக் ஒரு ஜோடி 5,000 ரூபாய் அளவில் தொடங்குகிறது. ஆனால் இந்த வண்டியில் பிரேக் லீவரும் கியர் மாற்றும் ஷிஃப்டரும் ஒரே உடம்பு. பிரேக் லீவரைக் கழற்றினால் ஷிஃப்டரும் போய்விடும். தனி ஷிஃப்டர் இரண்டு, அதற்குக் கம்பி என்று இன்னும் ஆயிரத்துக்கு மேல் போகும். ஹைட்ராலிக் நல்ல பிரேக் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீண்ட இறக்கத்தில் ஒரு விரலால் பிடிக்கலாம். சமதளத்தில் 58 கிலோ ஆளுக்கு, சரியாக நிறுத்திய கம்பி டிஸ்க் பிரேக் போதும்.

ஒரே முன் பல்சக்கரம் என்பது இதைவிட நீளமான சங்கிலி. இந்த வண்டியில் 7 பல்சக்கரம் கொண்ட ஃப்ரீவீல் ஹப்பின் மேல் மரையில் திருகி நிற்கிறது. நல்ல 9, 10 கியர் பல்சக்கரத் தொகுதிகள் (கேசட்) வேறு அமைப்புள்ள ஹப்பில்தான் ஏறும். அதனால் பின் சக்கரமே மாற வேண்டும். கேசட், டீரெய்லர், ஷிஃப்டர், செயின், முன்னால் பெடல் மாட்டும் கிராங்க் என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வரும். கூட்டிப் பார்த்தால் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இப்படி வாங்குவது அப்கிரேட் ஆகாது. தவணையில் வாங்கும் புது சைக்கிள் அது. முழுசாகப் புது சைக்கிள் வாங்கும் அளவுக்குப் பணம் கொடுத்து, பழைய சட்டத்தையே வைத்துக்கொள்கிறோம். விற்கப் போனால் போட்ட பணத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

காற்று ஷாக் கதை இன்னும் சுருக்கம். இன்று வரும் நல்ல ஷாக்குகளில் பெரும்பாலானவற்றின் கழுத்துக் குழாய் அடியில் பருத்து மேலே சிறுத்து வருகிறது, அச்சு 15 மில்லிமீட்டர். இவன் வண்டியின் கழுத்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. ஹப்பிலோ 9 மில்லிமீட்டர் அச்சு. பொருந்தாது. பொருந்துகிற வகையைத் தேடிப் பிடித்தாலும் கையில் இருக்கும் 10,000-க்குள் நிற்காது. தார் ரோட்டுக்கும் கால்வாய்க் கரைக்கும் அது செய்யப் போவதும் அதிகம் இல்லை.

ஒருவேளை அவன் 85 கிலோ இருந்து, கேரியரில் சுமையும் கட்டுகிறவனாக இருந்திருந்தால் நான் முதலில் பின் சக்கரத்தைப் பற்றிப் பேசியிருப்பேன். ஃப்ரீவீல் திருகும் ஹப்பில் வலப்பக்கத்துப் பால்ஸ் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதற்கு வெளியே அச்சு தாங்கல் இல்லாமல் நீள்கிறது. கனத்த ஆள் பள்ளத்தில் இறக்கினால் அச்சு வளைவதும் முறிவதும் அங்கேதான். யாரோ ஒருவருக்குச் சரியாக வந்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் போன இடம்

விலைகள் இங்கே நாங்கள் கொடுத்தவை. கடைக்குக் கடை கூடக்குறைய இருக்கும்.

இரண்டு ஹப்பும் திறந்து பால்ஸ், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 450. பிரேக் பேட் இரண்டு ஜோடி 500. தட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டுத்தான் புதுப் பேட் மாட்டினோம். பழைய பிசுக்கின் மேல் மாட்டினால் புதுப் பேட்டும் கெட்டுவிடும். பிறகு ஆளில்லாத ரோட்டில் வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அப்படிப் பழக்கினால்தான் பேட் தட்டில் படியும். பிரேக், கியர் கம்பியும் உறையும் 350. உறையின் நுனியைச் சப்பி நசுங்காமல் நேராக வெட்டுவது முக்கியம். கியர் கனமாக விழுவதற்குப் பாதிக் காரணம் நசுங்கிய நுனிதான்.

அதிகம் போனது டயருக்கு. இரண்டும் 2,100. நான் வலியுறுத்தியதும் இதைத்தான். வண்டியோடு வந்த டயரில் பெரிய பெரிய கட்டைகள். தார் ரோட்டில் அவை ஊளையிடும், இழுக்கும். நடுவில் சிறு கட்டைகள் நெருக்கமாகவும் ஓரத்தில் கொஞ்சம் பெரிதாகவும் உள்ள 2.1 இஞ்ச் டயர் எடுத்தோம். அவன் ஓட்டுவதில் பெரும் பகுதி தார் என்றால் டயரும் தாருக்குச் சாதகமாக இருக்க வேண்டும், கரையில் வழுக்காத அளவுக்குப் பிடிப்பு மிச்சம் இருந்தால் போதும்.

அப்புறம் முள். இதற்கு மூன்று வழி பார்த்தோம். டியூப் இல்லாத முறைக்கு இவன் ரிம் ஏற்றதல்ல. ஒற்றைச் சுவர் ரிம்; டயரின் ஓரம் அதில் காற்றுப் புகாமல் இறுகி உட்காரும் என்று நம்ப முடியாது. டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றலாம். சின்ன ஓட்டைகளை அடைக்கும். ஆனால் ரப்பர் பால் வகை நம் வெயிலில் சில மாதத்திலேயே காய்ந்துவிடும். அது அடைக்காத பெரிய ஓட்டை விழுந்தால் ஒட்டும் வேலையும் கெடும். "இதைய ஊத்திட்டு வந்தா சொல்யூஷன் பிடிக்காது தம்பி, வழுக்கிக்கிட்டே போவும்" என்றார் அண்ணாச்சி. மூன்றாவது, டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு பட்டை. பழைய டியூபைக் கிழித்து உள்ளே வைப்பது ஊர்ப் பழக்கம். அது நெருஞ்சிக்குத் தாங்கும், கருவேல முள்ளுக்குத் தாங்காது. இதற்கென்று விற்கும் கெட்டியான பட்டை 500-க்கு இரண்டு வாங்கினோம், தடித்த டியூப் இரண்டு 600.

பட்டையில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு நுனியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில், அதன் ஓரம் டியூபை அறுத்து அதுவே பஞ்சராக்கும். நுனிகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினோம். டியூபின் மேல் முகப்பவுடரைத் தூவி ஏற்றினோம். பட்டையும் தடித்த டியூபும் எடை கூட்டும்தான். சக்கரத்தின் ஓரத்தில் எடை கூடக்கூடாது என்று சொல்வார்கள், அது பந்தயக்காரனுக்கு. முன்னீர்பள்ளத்தில் இருட்டிய பிறகு டியூபைக் கழற்றிக்கொண்டு நிற்பவனுக்கு அந்த எடை சுமையே இல்லை.

முள் குத்தினால் செய்ய வேண்டியதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். டியூபில் பேட்ச் ஒட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும், வெளியே கண்ணுக்குத் தெரியாது. பழைய வேட்டித் துணி ஒன்றைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போனால், நுனி இருக்கும் இடத்தில் துணியின் நூல் மாட்டும். அங்கே உள்ளிருந்து ஊக்கால் தள்ளி, வெளியே இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆகிறது என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பெடல் 800. வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பெடல் ஈரச் செருப்புக்கு வழுக்கியது. அகலமான, சிறு முளைகள் உள்ள நைலான் பெடல் போட்டோம். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதை மறந்து பலம் கொடுத்தால் கிராங்கின் மரை போய்விடும். கைப்பிடி ரப்பர் 300.

இதுவரை 5,600. மீதியை வைத்து ஷாக்கோ பிரேக்கோ ஆகாது என்று முகம் சுருங்கியவனிடம், வண்டியில் மாட்டாத மூன்று பொருட்களைச் சொன்னேன். அளவு காட்டும் காற்றடிக்கும் பம்ப் 1,200. ஹெல்மெட் 1,500. முன் விளக்கும் பின் சிவப்பு விளக்கும் 800. மொத்தம் 9,100. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ரோட்டில், பின்னால் பஸ் வருகிறது என்றால் விளக்கைவிடப் பெரிய அப்கிரேட் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த மூன்றும், பெடலும் நாளை வேறு சைக்கிள் வாங்கினாலும் கூடவே வரும்.

பம்பை நான் ஏன் டயருக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன் என்றால், அது இல்லாமல் டயருக்குக் கொடுத்த பணம் பாதி வீண். அவன் டயரில் காற்றழுத்த அளவு 35 முதல் 65 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கிறது. விரலால் அமுக்கிப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வேலைக்குப் போகும் நாட்களில் பின்னால் 48, முன்னால் 45. கரைக்குப் போகும்போது இரண்டிலும் 36, 37. அதற்கும் கீழே போனால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மோடு நசுங்கி இரட்டை ஓட்டை விழும். கரையில் மணிக்கட்டு வலி குறைந்ததற்கு ஷாக்கின் திருகைவிட இந்தக் காற்றுக் குறைப்புக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

முன்னும் பின்னும்

வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு ஒரு பாலத்து இறக்கத்தைப் பயன்படுத்தினோம். காற்று அடங்கிய அதிகாலையில், உச்சியிலிருந்து மிதிக்காமல் விட்டால் வண்டி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது. ஹப்புக்கும் பிரேக்குக்கும் வேலை செய்த பிறகு, பழைய டயரோடும் அதில் அதே அளவு காற்றோடுமே, முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஒரு மின்கம்ப இடைவெளிக்கு மேல் ஓடியது. டயர் மாற்றிய பிறகு இன்னும் கொஞ்சம். கூடுதல் தூரத்தில் பெரும் பங்கு 450 ரூபாய் வேலையிலிருந்து வந்தது என்பது அவனையே யோசிக்க வைத்தது.

பிரேக் கத்தல் நின்றுவிட்டது. கியர் தாவவில்லை, புதுக் கம்பி முதல் சில நாட்களில் கொஞ்சம் இழுபட்டு நீண்டபோது டீரெய்லரில் இருக்கும் சிறு உருளைத் திருகை அரைச் சுற்று வெளியே திருப்பிச் சரி செய்துகொண்டான். பஞ்சர் அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். பட்டை மறைக்காத டயரின் பக்கவாட்டில் உடைமுள் ஏறியது. ஆனால் வேலைக்குப் போகிற வழியில் நிற்பது அரிதாகிவிட்டது.

ஆடிக் காற்றில் மாலைப் பயணம் இன்னும் கஷ்டம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் எதிர்காற்றில் ஒரு கியர் குறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்து, கால் சீராகச் சுற்றும்படி ஓட்டினால் உடம்பு தாங்கும். பெரிய பல்சக்கரத்தில் போட்டு முக்குவதை அவன் விட்டுவிட்டான்.

மிச்சம் 900 ரூபாயை வைத்திருக்கிறான். செயின் பதினாறில் ஒரு இஞ்சைத் தொடும்போது அதற்குப் போகும். பின் அச்சு என்றாவது வளைந்தால், அப்போது ஃப்ரீவீல் ஹப்பையே திரும்ப வாங்காமல், கேசட் ஏறும் ஹப் உள்ள சக்கரமாக வாங்குவது பற்றிப் பேசலாம் என்று வைத்திருக்கிறோம்; எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டிய பாகம் என்றால் கணக்கு வேறு. அதற்கு முன், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஹேண்டில் கழுத்திலுள்ள பால்ஸுக்கும் கிரீஸ் வைக்க வேண்டும். இந்தத் தடவை அதைத் திறக்கவில்லை.